செய்ய வேறு ஆள் உண்டா?

டெல் அவிவுக்குத் தென்கிழக்கே, இஸ்ரேலின் பெரிய விமான நிலையத்தை ஒட்டினாற்போல் லோத் என்ற நகரம் இருக்கிறது. தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு அது லித்தா. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே நித்சா என்பவரின் வீட்டு மாடியில் யூத அறிஞர்கள் கூடியிருந்தபோது ஒரு கேள்வி எழுந்ததாக யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான பாபிலோனியத் தல்மூதின் கித்துஷின் பகுதி சொல்கிறது. யூதத் திருச்சட்டமான தோராவைக் கற்பது பெரிதா, அது சொல்வதைச் செய்வது பெரிதா? செயலே பெரிது என்றார் ரபி தர்ஃபோன். கற்றலே பெரிது என்றார் ரபி அகிவா. கடைசியில் கூடியிருந்த அனைவரும் ஒரே குரலில் அகிவாவின் பக்கம் சாய்ந்தார்கள்; கற்றல் செயலில் கொண்டுபோய்ச் சேர்ப்பதால் அதுவே பெரிது என்று காரணமும் சொன்னார்கள். விடை தெளிவாகத்தான் ஒலிக்கிறது, ஒருமுறைக்கு இருமுறை யோசிக்காதவரை. வென்றது அகிவாவின் கட்சி, ஆனால் சொல்லப்பட்ட காரணம் தர்ஃபோனுடையது. சோற்றை வேகவைக்கிறது என்பதற்காக விறகைப் பெரிதென்று ஒருவர் சொன்னால், அவர் புகழ்வது விறகையா, சோற்றையா? பதினோராம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி, கற்பவன் கையில் இரண்டுமே இருக்கும் என்று சமாதானம் சொல்லி நகர்ந்துவிட்டார். அவருக்குப் பின் பிரான்சிலும் ஜெர்மனியிலும் குறிப்புரை எழுதிய தோசஃபோத் ஆசிரியர்கள் அப்படி நகரவில்லை. ஒன்றைச் சார்ந்து பெருமை பெறுவது சார்ந்திருக்கும் பொருளைவிடச் சிறியதாகத்தானே இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். இன்னும் கற்காதவன் வந்து ஆலோசனை கேட்டால் முதலில் படி என்று சொல்ல வேண்டும், கற்று முடித்தவனுக்கோ செயலே மேல் என்பது அவர்கள் கண்ட வழி.

இந்த விவாதம் பெரும்பாலும் ஒரு தரவரிசைப் பிரச்சினையாகவே படிக்கப்படுகிறது. எது மேல், எது கீழ், அல்லது இரண்டும் எப்படிச் சமம். என் வாசிப்பு வேறு. லோத் மாடியில் கேட்கப்பட்ட கேள்வியை யூத மரபு அந்த வடிவிலேயே வைத்துக்கொண்டு தீர்க்கவில்லை. அடுத்துவந்த தலைமுறைகளில் அதை வேறொரு கேள்வியாக மாற்றிக்கொண்டது: கண்முன் நிற்கும் இந்த வேலையைச் செய்ய வேறு ஆள் உண்டா? மதிப்பு பற்றிய கேள்வி பொறுப்பு பற்றிய கேள்வியாக மாறியது. அம்மரபின் கூர்மை இந்த மாற்றத்தில் இருக்கிறது. அதன் ஓட்டையும் அங்கேயே இருக்கிறது.

முதலில் சொற்களைப் பார்த்துவிடலாம். தல்மூத் என்ற சொல்லுக்கே கற்றல் என்றுதான் பொருள். லோத் விவாதத்தில் கற்றலைக் குறிக்கும் சொல் அதுவே. செயலைக் குறிக்கும் மஅசே என்ற சொல்லுக்குத் தல்மூதின் பக்கங்களில் இன்னொரு வேலையும் உண்டு. இன்ன ஊரில் இன்னாருக்கு இப்படி நடந்தது, அறிஞர்கள் இப்படித் தீர்ப்புச் சொன்னார்கள் என்று முன்னுதாரணம் காட்டும்போதும் அந்த நிகழ்வின் பெயர் மஅசேதான். சட்டநெறி முழுவதற்கும் பெயர் ஹலாகா. அதன் வேர், நடத்தல். தமிழில் நட என்ற வினையிலிருந்து நடத்தையும் நடைமுறையும் பிறந்ததை அறிந்த நமக்கு இது அந்நியமாகத் தெரியாது. ஆக, செயலை ஓரத்தில் வைத்துவிட்டு ஏட்டில் மட்டும் வாழ்ந்த மரபு என்ற பொதுக் கருத்துக்கு எபிரேய மொழியே இடம் கொடுப்பதில்லை. லோத் மாடியும் சாவகாசமான திண்ணைப் பேச்சுக்குரிய இடமாக இருக்கவில்லை. எந்தக் கட்டளைகளுக்காக ஒரு யூதர் உயிரையே விட வேண்டும், எவற்றை உயிருக்கு அஞ்சி மீறலாம் என்பதும் அதே நித்சா வீட்டு மாடியில் வாக்கெடுத்து முடிவு செய்யப்பட்டதாகத் தல்மூதின் சன்ஹெத்ரின் பகுதி கூறுகிறது. சிலைவழிபாடு, தகாத உறவு, கொலை ஆகிய மூன்றுக்கு மட்டும் உயிரை விட வேண்டும். மற்றவற்றில் உயிர் தப்பலாம் என்பது அந்த முடிவு. கி.பி. 132 முதல் 135 வரை நடந்த பார் கோக்பா கிளர்ச்சியை ஒட்டி, பேரரசர் ஹத்ரியானின் ஆட்சி தோரா கற்பிப்பதையே குற்றமாக்கியது. அந்தக் காலத்துக் கவலைகளின் நிழல் இந்த விவாதங்களில் படிந்திருப்பதாகப் பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தடையை மீறிப் பொதுவெளியில் மாணவர்களைக் கூட்டிக் கற்பித்ததற்காக உரோமர் அகிவாவைக் கொன்றதாக மரபு நினைவுகூர்கிறது. கற்றலே பெரிது என்று வாதிட்டவருக்குக் கற்றலே உயிரைக் கேட்கும் செயலாகிவிட்டது. எதிர்க்கட்சியில் நின்ற தர்ஃபோன் வசதி படைத்த ஆசாரியக் குலத்தவர். நிலம் வாங்கித் தரச் சொல்லி, அதன் வருவாயில் இருவரும் கவலையின்றிப் படிக்கலாம் என்று அவர் ஒரு பெருந்தொகையை அகிவாவிடம் கொடுத்தாராம். அகிவா அதை எழுத்தர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கற்போருக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டு வந்து நின்றாராம். லேவியராகமத்துக்கு எழுந்த மித்ராஷ் என்ற விளக்க நூலில் வரும் இந்தக் கதையில் செயல்வீரர் யார், ஏட்டுப்புலவர் யார் என்று பிரிப்பது எளிதல்ல.

மாற்றம் நிகழும் இடம் எருசலேம் தல்மூதில் இருக்கிறது. கடற்கரை நகரமான செசரியாவில் வாழ்ந்த ரபி அபாஹு, தம் மகன் ஹனினாவைக் கல்விக்காகத் திபேரியாவுக்கு அனுப்பினார். அங்கே பையன் இறந்தோரை அடக்கம் செய்யும் தொண்டில் நேரத்தைக் கழிக்கிறான் என்று யாரோ வந்து சொன்னார்கள். இறந்தவருக்குச் செய்யும் உதவிக்குக் கைம்மாறே கிடையாது என்பதால் யூத மரபில் அது மிக உயர்ந்த அன்புச் செயல். எந்தத் தந்தையும் பெருமைப்பட்டிருப்பார். அபாஹு எழுதி அனுப்பியதோ குத்தலான ஒரு கேள்வி: செசரியாவில் கல்லறை இல்லையென்றா உன்னைத் திபேரியாவுக்கு அனுப்பினேன்? கூடவே, கற்றலே முதலில் என்று லோத்தில் வாக்கெடுத்து முடித்தாயிற்று என்பதையும் நினைவூட்டினார். கதை இதோடு நின்றிருந்தால் அது கற்றலின் வெற்றிக் கதையாகவே இருந்திருக்கும். ஆனால் தல்மூத் உடனே செசரியாவின் அறிஞர்களைப் பேசவிடுகிறது. செய்ய வேறு ஆள் இருக்கும்போதுதான் இந்த விதி பொருந்தும், வேறு ஆள் இல்லையென்றால் செயலே முந்தும் என்பது அவர்கள் சேர்த்த நிபந்தனை. சின்ன நிபந்தனைதான், ஆனால் லோத் தீர்ப்பையே அது தலைகீழாக்குகிறது. இப்போது பிணத்தின் அருகே நிற்கும் மாணவன் தன் படிப்பின் மதிப்பை எடைபோட வேண்டியதில்லை. சுற்றுமுற்றும் பார்த்தால் போதும். தூக்க நான்கு பேர் இருந்தால் அவன் பாடத்துக்குத் திரும்பலாம். இல்லையென்றால் ஏட்டை மூடிவிட்டுத் தோள் கொடுக்க வேண்டும். அபாஹுவின் கேள்வியில் இருந்த நியாயமும் இதனால் கெடவில்லை. திபேரியாவில் பாடையைச் சுமக்க ஆளுக்குப் பஞ்சமில்லாதபோது, அங்கே மட்டுமே கிடைக்கும் கல்வியை விட்டுவிட்டு எங்கும் செய்யக்கூடியதைச் செய்வது ஒருவகைத் தப்பித்தலாகவும் இருக்கலாம் அல்லவா?

இந்த நிபந்தனை ஏதோ ஓரத்துக் குறிப்பாகத் தங்கிவிடவில்லை. பாபிலோனியத் தல்மூதின் மோஏத் காத்தான் பகுதியிலும் இதே அளவுகோல் வருகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மைமோனிதீஸ் தமது மாபெரும் சட்டத் தொகுப்பான மிஷ்னே தோராவில் இதைச் சட்ட வாசகமாகவே ஆக்கினார். படித்துக்கொண்டிருப்பவன் முன் ஒரு கட்டளை வந்து நின்றால், பிறரால் அது நிறைவேறக்கூடுமாயின் அவன் படிப்பை நிறுத்த வேண்டாம். முடியாதென்றால் நிறுத்தி, செய்துவிட்டுத் திரும்ப வேண்டும். கற்றலின் பக்கம் கடைக்கோடியில் நிற்பவர்கூட இதிலிருந்து தப்ப முடியவில்லை. ரபி ஷிமோன் பார் யோஹாய், உழும் காலத்தில் உழுது விதைக்கும் காலத்தில் விதைத்துக்கொண்டிருந்தால் தோராவின் கதி என்ன என்று கேட்டவர். உரோமருக்கு அஞ்சிக் குகையில் 12 ஆண்டுகள் மகனோடு ஒளிந்து கற்று, வெளியே வந்ததும் வயலில் உழுதுகொண்டிருந்தவர்களைக் கண்டு கொதித்தார்; அவர் பார்வை பட்ட இடமெல்லாம் எரிந்தது என்கிறது கதை. என் உலகை அழிக்கவா வந்தீர்கள் என்று விண்ணிலிருந்து குரல் கேட்டு, அவரைக் குகைக்கே திருப்பி அனுப்பியது. அப்படிப்பட்டவரும் கூடாரப் பண்டிகைக்குப் பந்தல் கட்டவும் ஈந்தோலை எடுக்கவும் படிப்பை நிறுத்த வேண்டும் என்பதை ஒப்புக்கொள்வார் என்று எருசலேம் தல்மூத் வாதிடுகிறது. தன் பந்தலில் தானே உட்கார வேண்டும். அதற்கு ஆள் வைக்க முடியாது. செய்யும் எண்ணமின்றிக் கற்பவன் பிறக்காமலே இருந்திருக்கலாம் என்ற கடுமையான கூற்றும் இந்த விவாதத்தை ஒட்டியே அங்கு வருகிறது. பாபிலோனில் நான்காம் நூற்றாண்டின் அபாயே, இந்தச் சர்ச்சையை அனுபவத்தைக் கொண்டு முடித்தார். உழவையும் கல்வியையும் இணைத்தவர்கள் பலர் தேறினார்கள், ஷிமோன் வழியில் போனவர்கள் பலர் தேறவில்லை. அவர் காலத்தவரான ரவாவோ, ஆண்டு முழுதும் சோற்றுக் கவலை இல்லாமல் இருக்க வேண்டுமென்றால் அறுவடையும் பழம் பிழிதலும் நடக்கும் நிசான், திஷ்ரி மாதங்களில் என் கண்ணில் படாதீர்கள் என்று மாணவர்களைக் கேட்டுக்கொண்டார். ஓர் ஆசிரியர் மாணவருக்குக் கொடுத்த மிக நடைமுறையான விடுமுறை இதுவாகத்தான் இருக்கும்.

கற்றலிலிருந்து செயலுக்குப் போகும் பாதையை மட்டும் இதுவரை பேசினோம். எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு, அது இந்த வாதத்துக்கு அவசியமானது. ஓர் ஆண்டு பஸ்காவுக்கு முந்தைய நாள் ஓய்வுநாளில் வந்துவிட்டது. அன்று பலியாட்டை அறுக்கலாமா என்பதை அப்போதைய தலைவர்கள் மறந்திருந்தார்கள். பாபிலோனிலிருந்து வந்த ஹில்லேல் வாதங்களை அடுக்கி, அறுக்கலாம் என்று நிறுவினார், தலைவராகவும் ஆனார். உடனே அடுத்த கேள்வி வந்தது. ஓய்வுநாளில் பொருளைச் சுமந்து செல்லக் கூடாது. கத்தியை முதல் நாளே கொண்டுவைக்க மறந்தவன் என்ன செய்வான்? அந்தச் சட்டத்தைக் கேட்டிருக்கிறேன், மறந்துவிட்டது என்று ஹில்லேல் ஒப்புக்கொண்டார். மக்களை விட்டுவிடுங்கள், அவர்கள் தீர்க்கதரிசிகள் இல்லாவிட்டாலும் தீர்க்கதரிசிகளின் பிள்ளைகள் என்பதுபோல ஒன்று சொன்னார். மறுநாள், செம்மறிக்குட்டி கொண்டுவந்தவன் கத்தியை அதன் ரோமத்தில் செருகிக்கொண்டு வந்தான். வெள்ளாட்டுக்குட்டி கொண்டுவந்தவன் கொம்புகளுக்கிடையே செருகி வந்தான். அதைக் கண்டதும் ஹில்லேலுக்கு மறந்துபோன சட்டம் நினைவுக்கு வந்தது. தல்மூதின் பெசாஹிம் பகுதியில் உள்ள இந்தக் கதையில் சட்டம் காப்பாற்றப்பட்ட இடம் ஏடு அல்ல, ஆட்டின் கொம்பு. பாவா பாத்ரா பகுதி இதையே விதியாகப் பேசுகிறது. வெறும் பாடத்திலிருந்தும் சட்டம் எடுக்கக் கூடாது, வெறும் நிகழ்விலிருந்தும் எடுக்கக் கூடாது. இது நடைமுறைக்கான சட்டம் என்று ஆசிரியர் வெளிப்படையாகச் சொன்னால்தான் செல்லும். பாடசாலையில் ஒன்றை வாதத்துக்காகச் சொல்லலாம்; நடந்த ஒன்றைப் பார்த்தவன் அதன் காரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று திருத்த வேண்டும். கற்பவன் செயலிலிருந்து முற்றாக விலகிவிட்டால் கெடுவது அவன் ஒழுக்கம் மட்டுமல்ல, அவன் கற்ற சட்டமும்தான்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். யூதர்கள் காலங்காலமாகக் கற்றதில் பெரும்பகுதி செய்யவே முடியாதது. கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் இடிந்த பின் பலி கிடையாது. ஆனாலும் பலிச் சட்டங்கள் தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னாவின் ஆறு பிரிவுகளில் ஒன்றின் பெரும்பகுதியை நிரப்புகின்றன, இன்றும் படிக்கப்படுகின்றன. இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு உபாகமத்தின் அடங்காத மகன். பெற்றோருக்கு அடங்காமல் தின்று குடித்துத் திரியும் மகனைக் கல்லெறிந்து கொல்லச் சொல்கிறது அந்தச் சட்டம். அப்படி ஒருவன் இருந்ததுமில்லை, இருக்கப்போவதுமில்லை. படித்து நற்பலன் பெறவே அது எழுதப்பட்டது என்ற கூற்றை சன்ஹெத்ரின் பகுதி முன்வைக்கிறது. கற்றல் செயலுக்கு இட்டுச்செல்வதால்தான் பெரிது என்றால் இதை எங்கே வைப்பது? என் விடை, அந்தக் கற்றல் நிகழ்த்திய வேலையைப் பார்க்க வேண்டும் என்பதே. அறிஞர்கள் அச்சட்டத்தைச் சொல் சொல்லாகக் கற்றார்கள். அவன் வயது இன்ன சில மாதங்களுக்குள் இருக்க வேண்டும், இவ்வளவு இறைச்சி உண்டு இவ்வளவு திராட்சரசம் குடித்திருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் அடுக்கப்பட்டன. தாயும் தந்தையும் குரலிலும் தோற்றத்திலும் உயரத்திலும் ஒத்திருக்க வேண்டும் என்ற அளவுக்கு ரபி யெஹூதா போனார். கற்கக் கற்கச் சட்டம் தண்டிக்க முடியாததாகிவிட்டது. ஒரு பிள்ளையும் சாகாமல் இருந்தது இந்தக் கற்றலின் செயல். உண்மையாகவே ஒருவனை அப்படிக் கண்டேன், அவன் கல்லறை மீது உட்கார்ந்திருந்தேன் என்று ரபி யோனத்தான் மறுத்ததையும் தல்மூத் அழிக்காமல் வைத்திருக்கிறது. எனவே இந்தப் பெருமையை முழுமையானது என்று சொல்லத் தயங்குகிறேன். ஆயினும் மிஷ்னாவின் மக்கோத் பகுதியில், நாங்கள் நீதிமன்றத்தில் இருந்திருந்தால் ஒருவரும் கொல்லப்பட்டிருக்க மாட்டார்கள் என்று சொல்பவர்கள் யார் என்று பாருங்கள்: தர்ஃபோனும் அகிவாவும். லோத் மாடியில் எதிரெதிராக நின்ற இருவரும் இங்கே ஒரே வாக்கியத்தில் சேர்ந்து நிற்கிறார்கள். அப்படிச் செய்தால் கொலைகாரர்கள் பெருகுவார்கள் என்று ரபான் ஷிமோன் பென் கம்லியேல் பதில் சொன்னதும் அதே இடத்தில் பதிவாகியுள்ளது.

இரண்டாவது மறுப்பு தத்துவத் தளத்தில் வருகிறது. கற்றலுக்குச் செயலால் பெருமை தேட வேண்டியதே இல்லை, அதுவே இலக்கு என்பது அது. இதன் மிகச் சிறந்த வழக்கறிஞர் வில்னா காஓனின் மாணவரான வோலோஜின் ஹாயீம். இன்றைய பெலாருசில் உள்ள வோலோஜினில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் நிறுவிய யெஷிவா என்ற தோராக் கல்விக்கூடம், பின்னாளில் எழுந்த கிழக்கு ஐரோப்பிய யெஷிவாக்களுக்கெல்லாம் முன்மாதிரி. அவர் இறந்தபின் 1824-இல் வெளிவந்த நெஃபெஷ் ஹஹாயீம் என்ற நூலில், தோராவை அதன் பொருட்டே கற்பது என்றால் தோராவின் பொருட்டு, அதை அறிந்து பெருக்கும் பொருட்டு என்றே விளக்கினார். ஒரு கணம் உலகம் முழுவதும் கற்றல் நின்றுபோனால் படைப்பே குலைந்துவிடும் என்று நம்பியவர் அவர். அதனால் வோலோஜினில் இரவும் பகலும் யாராவது படித்துக்கொண்டே இருக்கும்படி முறை வைத்திருந்தார்கள். இந்த நிலைப்பாட்டை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. பயனை மட்டும் பார்த்துப் படிப்பவன் தனக்குப் பயன்படும் பகுதியோடு நின்றுவிடுவான். அடங்காத மகனின் சட்டத்தில் அத்தனை நுணுக்கமாக இறங்க அவனுக்குப் பொறுமை இருக்காது. இந்த அளவில் ஹாயீமின் கட்சி என் வாதத்துக்குத் துணைதான். ஆனால் அவருடைய அண்டவியலுக்குள்ளும் பார்த்தால், யாரோ ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்ற முறைவைப்பு, வேறு ஆள் உண்டா என்ற பழைய கேள்வியின் இன்னொரு வடிவமே. இந்த முறை காலியாக இருந்தது பாடையின் ஓரம் அல்ல, படிப்பு மேசை, அவ்வளவுதான் வேறுபாடு. லித்துவேனிய மரபிலேயே வந்த இஸ்ரேல் சலாந்தர் என்ன செய்தார் என்பதும் பார்க்கத்தக்கது. 1848-இல் வில்னா நகரைக் காலரா தாக்கியபோது, நோயாளிகளைப் பராமரிக்கத் தம் மாணவர்களை ஏடுகளிலிருந்து எழுப்பி அனுப்பினார். பாவநிவாரண நாளில் நோன்பு இருந்து உடலைப் பலவீனப்படுத்திக்கொள்ள வேண்டாம் என்று ஊருக்கு அறிவித்தார். அவரே ஜெபாலயத்தில் எல்லோர் முன்னும் உண்டு காட்டினார் என்ற கதை பல வடிவங்களில் உலவுகிறது. அதன் நம்பகத்தன்மை பற்றி ஆய்வாளர்களிடையே சர்ச்சை உண்டு. அறிவிப்பே எனக்குப் போதும். உயிர் காக்கும் கடமை நோன்பை முந்தும் என்பதைக் கற்றவர்தானே அப்படி அறிவிக்கத் துணிய முடியும்?

இப்போது ஓட்டைக்கு வருகிறேன். செய்ய வேறு ஆள் உண்டா என்று கேட்பவன் படிப்பவன். அந்த வேறு ஆளிடம் யாரும் கேட்பதில்லை. இரண்டாம் நூற்றாண்டின் பென் அசாய், பிள்ளை பெறாதவன் இரத்தம் சிந்தியவனுக்குச் சமம் என்று பிரசங்கித்தார்; அவரோ திருமணத்தையே தவிர்த்திருந்தார். அழகாகப் பேசுகிறீர், அழகாகச் செய்யவில்லையே என்று சக அறிஞர்கள் மடக்கினார்கள். என்ன செய்வேன், என் உயிர் தோராவைக் காதலிக்கிறது, உலகத்தைப் பிறர் நடத்திக்கொள்ளட்டும் என்பதுபோல அவர் பதில் சொன்னார். நேர்மையான பதில், ஆனால் அந்தப் பிறர் என்ற சொல்லில் எத்தனை பேர் ஒளிந்திருக்கிறார்கள்! அகிவாவின் மனைவி, மரபு ராகேல் என்று அழைப்பவர், கணவனைக் கல்விக்கு அனுப்பிவிட்டு 24 ஆண்டுகள் தனியே வாழ்ந்தார். 24,000 மாணவர்களோடு திரும்பிவந்த அகிவா, என்னுடையதும் உங்களுடையதும் இவளுடையதே என்று மாணவர்களிடம் சொன்னதைத் தல்மூத் நெகிழ்ச்சியோடு விவரிக்கிறது. கடன் ஒப்புக்கொள்ளப்படுகிறது, ஆனால் பெண்ணுக்கே கற்கும் கடமை உண்டா என்ற கேள்விக்கு அதே தல்மூதின் விடை, இல்லை என்பது. வேதாகமத்தின் இசக்கார், செபுலோன் கோத்திரங்களை வைத்து, வணிகம் செய்பவன் படிப்பவனைத் தாங்கிப் பலனில் பங்கு பெறுவான் என்ற ஒப்பந்தக் கருத்தை மித்ராஷ் வளர்த்தது. அதில் செபுலோன் மனமுவந்து வருகிறான் என்பதாவது ஆறுதல். மைமோனிதீஸ் தோராவைப் பிழைப்பாக்கித் தருமத்தில் வாழ்பவனைக் கடுமையாகச் சாடினார். அவன் இறைவனின் பெயரையே களங்கப்படுத்துகிறான் என்று எழுதினார். அவரே பல ஆண்டுகள் படிப்பில் முழுகியிருக்க முடிந்தது, தம்பி தாவீது வணிகம் செய்து குடும்பத்தைத் தாங்கியதால். தாவீது செங்கடல் துறைமுகமான ஐதாபிலிருந்து, இந்தியாவுக்குக் கப்பலேறப் போவதாக அண்ணனுக்கு எழுதிய கடிதம் கெய்ரோ ஜெனீசா என்ற பழைய ஆவணக் குவியலில் கிடைத்திருக்கிறது. அந்தப் பயணத்தில் இந்தியக் கடலில் அவர் மூழ்கிப்போனார். தம்முடைய பணமும் பிறர் பணமும் அவரோடு போயிற்று என்றும், ஓராண்டு நோயில் படுத்துக்கிடந்ததாகவும் மைமோனிதீஸ் பின்னாளில் எழுதினார். அதன்பின் மருத்துவமே அவருக்கு வாழ்வாதாரமானது. பதினாறாம் நூற்றாண்டில் யோசேப்பு காரோ மைமோனிதீஸை மறுத்து, ஊதியம் இல்லாவிட்டால் தோராவே மறந்துபோயிருக்கும் என்று வாதிட்டார். நடைமுறையில் வென்றது காரோவின் கட்சி.

இஸ்ரேல் அரசில் இந்தப் பழைய நிபந்தனை அரசியலாகிவிட்டது. 1948-இல் முதல் பிரதமர் பென் குரியோன் சுமார் 400 யெஷிவா மாணவர்களுக்குப் படைச் சேவையிலிருந்து ஒத்திவைப்பு அளித்தார். ஐரோப்பாவின் யெஷிவாக்கள் அழிக்கப்பட்ட பின்னணியில் அது ஒரு மீட்புப் பணியாகத் தோன்றியது. செய்ய வேறு ஆள் இருந்தார்கள், படிக்கத்தான் ஆள் இல்லை. 1977-இல் பெகின் ஆட்சிக்கு வந்தபின் எண்ணிக்கை வரம்பு நீக்கப்பட்டது. இந்த ஒத்திவைப்பை முறைப்படுத்த 2002-இல் வந்த தால் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2012-இல் செல்லாதென்றது, அடுத்து வந்த சட்டத்தையும் 2017-இல் செல்லாதென்றது. 2024 ஜூன் 25 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, விலக்களிக்கும் சட்டமே இல்லாத நிலையில் அரசு இவர்களைப் படைக்கு அழைத்தாக வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். 400 பேரில் தொடங்கியது அதற்குள் 60,000-ஐத் தாண்டியிருந்தது. விலக்கை ஆதரிப்பவர்கள் வெறும் சலுகை கேட்கவில்லை. தோரா கற்போர் நாட்டைக் காக்கிறார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. அறிஞர்களுக்குக் காவல் தேவையில்லை, ஆகவே ஊர் மதிலுக்கு அவர்களிடம் வரி வாங்கக் கூடாது என்ற பாவா பாத்ரா விதியை அதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அதே இடத்தில், கிணறு வெட்ட அறிஞர்களும் பணம் தர வேண்டும் என்று இருக்கிறது, ஏனென்றால் அவர்களும் தண்ணீர் குடிக்கிறார்கள். மண்வெட்டி எடுத்துக்கொண்டு கூட்டத்தோடு போகத் தேவையில்லை என்ற சலுகையோடு. எதிர்த்தரப்பினர் கட்டாயப் போருக்கு மணவறையிலிருந்து மணமகனும் போக வேண்டும் என்ற மிஷ்னாவைக் காட்டுகிறார்கள். இந்த ஒத்திவைப்புக்கு வழங்கும் பெயர், தோராவே அவன் தொழில் என்பது. அந்தச் சொற்றொடர் தல்மூதின் ஷப்பாத் பகுதியில் முதலில் ஷிமோன் பார் யோஹாயையும் அவர் தோழர்களையும் குறித்து வருகிறது. அவர்கள் தொழுகைக்காகக்கூடப் படிப்பை நிறுத்த வேண்டியதில்லை. நம்மைப் போன்றவர்களோ நிறுத்தியாக வேண்டும் என்று ரபி யோஹனான் அங்கேயே வரம்பு கட்டுகிறார். யோஹனானே தம்மை அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதை 60,000 என்ற எண்ணின் அருகே வைத்துப் பார்க்கும்போது, விலக்கின் பக்கம் சாய எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

படிப்பையும் படைச் சேவையையும் இணைக்கும் ஹெஸ்தெர் யெஷிவாக்கள் இதற்கு ஒரு நடுவழி கண்டன. அவற்றுள் ஒன்றான ஹர் எத்சியோனை 1968-இல் தொடங்கிய யெஹூதா அமிதால், அதன் நோக்கத்தை விளக்க ஒரு ஹசிதியக் கதையைச் சொல்வது வழக்கம். ஹபாத் இயக்கத்தைத் தோற்றுவித்த ஷ்னேயூர் சால்மன் உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் அவர் மகனும் படிப்பில் மூழ்கியிருந்தார். தொட்டிலில் குழந்தை அழுதது. அருகிலிருந்த மகனின் காதில் அது விழவில்லை. தொலைவிலிருந்த தாத்தாவின் காதில் விழுந்தது. எழுந்து வந்து குழந்தையைத் தேற்றிவிட்டு, பிள்ளை அழுவது கேட்காத அளவுக்கு ஒருவன் படிக்கிறான் என்றால் அந்தப் படிப்பில் ஏதோ கோளாறு என்று மகனிடம் சொன்னாராம். பரவலாகச் சொல்லப்படும் வடிவத்தில் இரண்டு ஆண்கள், இரண்டு ஏடுகள், ஒரு தொட்டில் மட்டுமே இருக்கின்றன. அழுகை கேட்டால் முதலில் ஓடிவரும் அந்த இன்னொருவர், குழந்தையின் தாய், அந்த நேரத்தில் எங்கே இருந்தார், என்ன வேலையாக இருந்தார் என்று கதை சொல்வதில்லை.